உப்பளத்துக் கால்களும் உத்தம தியாகமும்



தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகத்திற்கு உரியது. அன்று நம் ஜினாலயங்களில் தானத்தின் சிறப்புப் பேசப்படுகின்றது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனும் நால்வகைத் தானங்களும் எடுத்துரைக்கப்படுகின்றன. கேட்டு மகிழ்கிறோம், உண்டியலில் இயன்றதை இடுகிறோம், வீடு திரும்புகிறோம். இவ்வாண்டு அந்நாளின் சிந்தனைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், நம் சமையலறையில் நாள் தவறாமல் கைபடும் உப்பு.

உப்பைப் பற்றி ஜினதருமம் நுணுக்கமாகவே பேசியிருக்கிறது. நிலத்தையே உடலாகக் கொண்ட பிருதிவிகாய உயிர்களின் வகைகளை எண்ணும் மூலாசாரம், மணல், கல் முதலியவற்றோடு உப்பையும் சேர்த்தே எண்ணுகிறது. புறத்தவங்களுள் ஒன்றாகிய இரசபரித்தியாகத்தில் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு ஆகியவற்றோடு துறக்கத்தக்கதாகச் சொல்லப்படுவதும் இந்த உப்பே. நம் வீட்டு மூதாட்டியர் பலர் நோன்பு நாள்களில் உப்பில்லாச் சோறு உண்டு பழகியவர்கள். ஓரறிவுயிரின்பால் இத்துணைக் கருத்துடைய நாம், அந்த உப்பை வாரிக் குவித்த மனிதரின் காலை என்றேனும் நோக்கியதுண்டா?

நெடுந்தொலைவு சென்று காண வேண்டியதில்லை. மேல்சித்தாமூர், பெருமண்டூர், வீடூர் என நம்மவர் ஊர்கள் பரவியுள்ள விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையே மரக்காணம். திண்டிவனத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை கடலைத் தொடுமிடம் அது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. கழிமுகத்தை ஒட்டி, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை உப்புப் பாத்திகள். தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டுத் தொடங்கும் வேலை புரட்டாசி வரை நீளும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அளங்கள் நீரில் மூழ்கும், வேலையும் நின்றுபோகும்.

கடல்நீரின் அடர்த்தியைப் போமே என்னும் அளவையால் அளந்தால் ஏறத்தாழ 3 பாகை இருக்கும். வெயிலில் காய்ந்து காய்ந்து அது 25 பாகையை எட்டும்போதுதான் உப்புப் படிகிறது. அந்த நீரில் நின்றுதான் ஆண்களும் பெண்களும் உப்பை வாருகிறார்கள். பெண்கள் தலைச்சுமையாகச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வெண்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணை வருத்தும். உப்புப் பளிங்கின் கூர்முனை காலைக் கீறும். கீறிய இடம் மறுநாளும் அதே நீரில் ஊறும். முழங்கால் அளவு ரப்பர்க் காலணி அணியலாமே என்று நிழலில் அமர்ந்து சொல்வது எளிது. உள்ளே உவர்நீர் புகுந்துவிட்டால் அக்காலணியே புண்ணுக்குக் காரணமாகும்.

இவர்களுள் ஒருவருக்கு நீரிழிவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீரிழிவு முற்றினால் பாதத்தின் உணர்ச்சி மங்கும். வலி தெரியாததால் புண்ணைப் பொருட்படுத்தார், புண் ஆழமாகும், இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் ஆறாது, இறுதியில் மருத்துவர் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றுவார். காப்பாற்றப்பட்ட அந்த உயிர் அதன்பின் எவ்வாறு வாழும் என்பதே நாம் எழுப்பும் வினா.

அவரைக் காணும் நம்மவர் சிலரின் வாயிலிருந்து எளிதில் வரும் சொல் ஒன்றுண்டு: "அது அவர் செய்த வினை." வினைக் கொள்கையை உலகிற்கு விரித்துரைத்த சமயத்தைச் சார்ந்தவர்கள் நாம் என்பதால், இச்சொல்லைக் கூர்ந்து ஆராயும் கடமையும் நமக்கே மிகுதி. துன்பநுகர்ச்சி அசாதாவேதநீயத்தின் பயன் என்பதும், உடலின் உறுப்பமைப்பு நாமகருமத்தைச் சார்ந்தது என்பதும் ஆகமம் கூறுவனவே. அவற்றை மறுப்பார் நம்முள் எவருமில்லை. ஆனால் அந்தக் கொள்கை எதற்காக அருளப்பட்டது? தன் துன்பத்திற்குப் பிறரைப் பழியாமல், தன்னையே நோக்கித் திருந்துவதற்காக. பிறர் துன்பத்தைக் கண்டு நாம் விலகிச் செல்வதற்கு அதனை ஒரு சாக்காகக் கொள்ளலாம் என்று எந்த ஆசாரியரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய பழவினை அவரோடு பலன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவரைக் கண்ட அந்தக் கணத்தில் நம் உள்ளத்தில் எழும் எண்ணத்தால் நம்மோடு புதிய வினை வந்து சேர்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், நல்நுகர்ச்சி தரும் வினை வருவதற்கான வாயில்களைச் சொல்லும்போது, விரதியர்மேல் இரக்கத்தைச் சொல்வதோடு நில்லாமல் எல்லா உயிர்கள்மேலும் கொள்ளும் இரக்கத்தையும் உடன் வைத்துச் சொல்கிறது. உப்பளத் தொழிலாளி விரதி அல்லர். ஆயினும் அவர் உயிர். அவ்வளவே போதும்.

இவ்விடத்தில் உத்தாயண மன்னன் கதை நினைவிற்கு வரவேண்டும். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. அதற்கு எடுத்துக்காட்டாக இரத்தினகரண்டகம் காட்டுவது இம்மன்னனையே. அவனது உறுதியைச் சோதிக்க வந்த தேவன் தொழுநோய் பீடித்த முனிவர் வடிவம் கொண்டான். மன்னனும் அரசியும் அவரை எதிர்கொண்டு ஆகாரம் அளித்தனர். உண்ட முனிவர் அதனை அவர்கள் மீதே உமிழ்ந்தார். நாற்றம் தாங்காமல் பணியாளர் விலகி ஓடினர். மன்னனோ, தான் அளித்த உணவு அவருடலுக்கு ஒவ்வாததாயிற்றே என்று வருந்தி, நீர் கொணர்ந்து அவர் உடலைத் தன் கையாலேயே கழுவினான்.

இக்கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒன்றைக் கவனித்திருக்கமாட்டோம்: இந்நோய் எந்தப் பிறவியில் செய்த எந்தத் தீவினையின் பயன் என்று மன்னன் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தண்ணீர் கொண்டுவர நேரமாகியிருக்கும். இந்நூலை அருளிய சமந்தபத்திர சுவாமிகளே பஸ்மக நோயால் வருந்திக் காஞ்சியை அடைந்தவர் என்று மரபு கூறுகிறது. நோயுற்ற உடலை இகழலாகாது என்பது அவருக்கு ஏட்டறிவாக மட்டும் இருந்திராது.

முனிவர்க்குச் செய்யும் பணிவிடைதானே அங்குச் சொல்லப்பட்டது, இல்லறத்தானாகிய ஏழைக்கு அது பொருந்துமா என்று வினவுவோரும் உளர். நியாயமான வினாவே. பாத்திர தானம் வேறு, கருணையால் அளிப்பது வேறு என்பது உண்மை. ஆனால் ஜினசேன ஆசாரியரின் ஆதிபுராணம் ஈகையை நான்காகப் பகுக்கும்போது தயாதத்தி என்பதற்கும் ஓரிடம் தருகிறது. அஞ்சி நிற்கும் உயிரின் அச்சத்தைப் போக்குவது அது. மாதக் கூலி நின்றுபோன வீட்டில் ஒற்றைக் காலோடு அமர்ந்திருப்பவரின் அச்சத்தை நாம் விளக்க வேண்டுமா?

இனி, அரசு என்ன செய்கிறது என்று பார்ப்போம். "அதற்கெல்லாம் அரசாங்கம் இருக்கிறதே" என்பது நம்மவரின் இரண்டாவது வழக்கமான சொல். அரசாங்கம் இருக்கிறது என்பது உண்மைதான். 1995 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்கு அரசுப் பணியில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடம், வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வீடு, வேளாண் நில ஒதுக்கீட்டிலும் 5 விழுக்காடு இடம், 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி ஆகியவை அச்சட்டம் கூறுவன. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்க்குத் தருவதைவிட நான்கிலொரு பங்கு கூடுதலாக இவர்க்குத் தரப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

மத்திய அரசு 1981 முதல் செயற்கை உறுப்புகளும் துணைக்கருவிகளும் வழங்க உதவி செய்து வருகிறது. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படும் ஓய்வூதியம் 2023 சனவரி முதல் மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு 'உரிமைகள்' என்னும் திட்டத்தின்கீழ் மறுவாழ்வுச் சேவைகளை மக்கள் வாழும் இடத்திற்கு அருகே கொண்டுசெல்லும் பணியும் தொடங்கியிருக்கிறது. மரக்காணம் வழியே செல்லும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஊனமுற்றோர் என்று நாம் எழுதி வந்த சொல்லையே அரசு மாற்றி, மாற்றுத்திறனாளி என்று வழங்கச் செய்ததும் சிறிய செயலன்று.

இவை தானங்கள் அல்ல, உரிமைகள். இதை நாம் தெளிவாக உணரவேண்டும். அரசு அலுவலகத்தில் ஒருவர் வாங்கும் உதவித்தொகை எவருடைய கருணையும் அன்று. ஆதலின் அதனைத் தடுப்பவர் மறுப்பது ஈகையை அன்று, பிறர்க்குரிய பொருளை. நம் ஆகமம் இதற்கொரு பெயர் வைத்திருக்கிறது. பிறர் பெறவிருக்கும் பேற்றிற்கு இடையூறு செய்தால் நம்மை வந்து பற்றுவது அந்தராய கருமம். தானாந்தராயம், லாபாந்தராயம், போகாந்தராயம், உபபோகாந்தராயம், வீரியாந்தராயம் என்று அது ஐவகைப்படும். ஒரு விண்ணப்பத்தைக் காரணமின்றி மேசையில் கிடத்தி, "அடுத்த வாரம் வா" என்று சொல்லி ஒற்றைக் காலரைத் திருப்பி அனுப்புபவர், இவ்வைந்துள் எத்தனையை அன்று வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். நம் சமூகத்தார் பலர் அரசுப் பணியில் உள்ளனர். அவர்கள் பொருட்டே இதனைச் சொல்கிறோம். நாள்தோறும் பூசை செய்துவிட்டு அலுவலகம் செல்பவர்க்கு, அந்த மேசையே அன்றைய இரண்டாவது பூசைக்குரிய இடம்.

சட்டமும் திட்டமும் இருந்தும் பயன் சென்று சேராமலிருப்பது ஏன்? இதற்கு விடை காண நாம் ஜெய்ப்பூருக்குச் சென்று வரவேண்டும். அங்குள்ள சவாய் மான்சிங் அரசு மருத்துவமனையில், 1968 ஆம் ஆண்டளவில், டாக்டர் பி.கே. சேத்தியும் இராமசந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். அதுவரை கிடைத்தவை மேலைநாட்டு வகையினவாதலால், அவற்றின்மேல் காலணி அணிந்தே நடக்க வேண்டும். குந்தவோ சம்மணமிடவோ இயலாது. நம் நாட்டவரோ வெறுங்காலோடு கோயிலுக்குள் செல்பவர்கள்; தரையில் அமர்ந்து உண்பவர்கள்; சேற்றில் இறங்கி உழைப்பவர்கள். இவற்றையெல்லாம் கருதி, ரப்பராலும் மரத்தாலும், நீரிலும் சேற்றிலும் கெடாதபடி அப்பாதம் செய்யப்பட்டது. பள்ளிப்படிப்பு மிகக் குறைவாக உடைய ஒரு கைவினைஞரின் கையறிவு அதில் பெரும்பங்கு வகித்தது. 1981 இல் சேத்தி அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது.

எனினும் பாதம் உருவான முதற்சில ஆண்டுகளில் அதனைப் பெற்றவர் மிகச் சிலரே. கண்டுபிடிப்பு இருந்தது, மருத்துவமனை இருந்தது, தேவைப்பட்டோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இவர்களை ஒன்றுசேர்ப்பவர் இல்லை. அந்நிலையில், பகவான் மகாவீரரின் 2500 ஆவது நிர்வாண ஆண்டு வந்தது. அதனை ஒட்டி 1975 இல் தோன்றியதே பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி. அதனை நிறுவிய டி.ஆர். மேத்தா அவர்கள் இந்திய ஆட்சிப் பணியிலிருந்த ஜைனர். 1969 இல் சாலை விபத்தில் கால் நொறுங்கி, அதனை எடுத்துவிடவேண்டி வருமோ என்ற நிலையிலிருந்து மீண்டவர். தாம் மீண்டதுபோல் மீள வசதியில்லாதவர் என்ன ஆவார் என்ற எண்ணமே இப்பணிக்கு வித்தாயிற்று.

அச்சமிதி செய்த பெரும்பணி எது? நம் கருத்தில், கால் செய்ததைவிட முதன்மையானது கதவைத் திறந்து வைத்தது. வருபவர் எந்த நேரத்தில் வந்தாலும் ஏற்றுக்கொள்வது. அவருக்கும் உடன் வந்தவருக்கும் தங்க இடமும் உணவும் தருவது. இயன்றவரை ஓரிரு நாள்களுக்குள் காலைப் பொருத்தி, நடக்க வைத்து அனுப்புவது. இவை அனைத்திற்கும் ஒரு காசும் வாங்காதிருப்பது. அரசு மருத்துவமனையில் பிறந்த பாதம், சிராவகர் ஒருவரின் முயற்சியால், அரசின் நிதியுதவியையும் அன்பர்களின் நன்கொடையையும் ஒருங்கே பெற்று மக்களைச் சென்றடைந்தது. செயற்கைக் கால்களும் பிற துணைக்கருவிகளுமாக இதுவரை 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பயன் பெற்றுள்ளனர். அரசா, தருமமா என்று நாம் இங்கே வாதிட்டுக்கொண்டிருக்கையில், அங்கே இரண்டும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தன.

சேற்றிலும் நீரிலும் நிற்கவல்ல அந்தப் பாதம் யாருக்கென்று செய்யப்பட்டதோ, அத்தகையவர்தாம் நம் மரக்காணத்தில் இருக்கிறார்கள். காலை இழந்த உப்பளத் தொழிலாளி உவர்நீருக்குள் மீண்டும் இறங்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை, இறங்காதிருப்பதே நலம். ஆனால் அளத்தின் கரையில் மூட்டை தைக்கவும், எடை பார்க்கவும், ஒரு சிறு கடை நடத்தவும், வரப்பில் நடந்து வீடு திரும்பவும் அவருக்குக் கால் வேண்டும்.

அது கிடைக்க அவர் கடக்கவேண்டியவற்றை எண்ணுங்கள். முதலில் மருத்துவச் சான்று. அதைக்கொண்டு நாடு முழுவதற்குமான தனித்துவ அடையாள அட்டை. அதற்கு ஆதார், புகைப்படம், கணினிவழி விண்ணப்பம், மருத்துவர் பரிசோதனை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருப்பது விழுப்புரத்தில். மரக்காணத்திலிருந்து திண்டிவனம், அங்கிருந்து விழுப்புரம் என்று பேருந்து மாறவேண்டும். ஊன்றுகோலோடு தனியே ஏறி இறங்க முடியாதாதலால் உடன் ஒருவர் வரவேண்டும். உடன் வருபவர் பெரும்பாலும் மனைவியே. அவருக்கும் அன்றைய அளத்துக் கூலி போய்விடும். ஒருமுறை சென்று ஒரு தாள் குறைந்தால் மறுமுறை. மூன்றாம் முறை எவரும் செல்வதில்லை. கருவூலத்திலிருந்து பணம் புறப்பட்டுவிடுகிறது. அதனைப் பெறவேண்டியவர் வீட்டைவிட்டுப் புறப்பட முடியாமலிருக்கிறார். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உடற்குறையும் மனக்குறையும் உடையோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் எத்தனை வீட்டில் இந்த மூன்றாம் முறைப் பயணம் நின்றுபோயிருக்கும்!

இந்த இடைவெளியே நம் தியாகத்திற்கு உரிய நிலம். இங்கே வேண்டப்படுவது பெரும்பொருள் அன்று. நம் ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உளர். வருவாய்த் துறையிலும் கருவூலத்திலும் பணிபுரிந்து ஓய்ந்தவர்கள் உளர். எந்த விண்ணப்பத்தில் எதை எங்கே எழுதவேண்டும், எந்த மேசையில் எவரைக் காணவேண்டும் என்பது அவர்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அந்த அறிவைக் கொடுப்பது சாத்திர தானத்தின் பாற்படும் என்றே நாம் கருதுகிறோம். சாத்திரம் என்பது ஓலைச்சுவடி மட்டும்தானா? புண்ணைக் காலத்தே காட்டச் செய்து, காலே போகாமல் காப்பது ஔடத தானம். விழுப்புரத்தில் காத்திருக்கும் இருவர்க்கு நண்பகல் உணவு ஆகார தானம். "நான் உடன் வருகிறேன், அஞ்சாதீர்" என்று பேருந்தில் பக்கத்தில் அமர்வது அபயம். நால்வகைத் தானமும் ஒரே நாளில், ஒரே பயணச்சீட்டில் முடியும்.

இடையே ஒரு சொல். பிறரை மறுவாழ்வு பெறச் செய்யப் புறப்படும் நாம், நம் ஜினாலய வாயிற்படிகளையும் சற்று நோக்குவது நல்லது. நம்முள்ளேயே முழங்கால் தேய்ந்த மூதாட்டியர் எத்தனை பேர் படியேற இயலாமல் வீதியில் நின்றே கைகூப்பித் திரும்புகிறார்கள்! ஒரு சாய்தளமும் ஒரு கைப்பிடியும் அமைக்கப் பேரளவுப் பொருள் வேண்டியதில்லை. பொன்முலாம் பூசுவதற்குக் குழு அமைக்கும் நாம் இதற்கும் ஒரு குழு அமைக்கலாம். பெருமான் சமவசரணத்தில் விலங்குகளுக்கும் இடமிருந்தது.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உப்பு எடுக்கும் மாதங்களில் அளத்துக்காரர் எவரையும் விழுப்புரத்திற்கு அழைத்துச் செல்வது எளிதன்று. ஒருநாள் கூலியை இழக்க அவர்களால் இயலாது. ஐப்பசியில் மழை தொடங்கியபின் அளங்கள் வெறுமனே கிடக்கும். வேலையில்லாத அந்நாள்களைக் கருதித் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியதும் அண்மை ஆண்டுகளில்தான். சான்று பெறவும், அட்டை பெறவும், காலுக்கு அளவெடுக்கவும் உகந்த காலம் அதுவே. நம் தசலட்சணமோ அதற்குச் சற்று முன்னதாகவே நிறைவடைந்துவிடுகிறது. ஆகவே, தியாக நாளன்று ஒவ்வோர் ஊர் ஜினாலயத்திலும் இருவர் பெயர் தரட்டும். அவ்விருவரும் பர்வம் முடிந்த வாரமே ஒருமுறை மரக்காணம் சென்று, கிராம நிர்வாக அலுவலரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கண்டு, உதவி வேண்டியிருப்போர் எவரென்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எழுதும்போது ஆதார் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, முன்னரே விண்ணப்பித்து நின்றுபோனதா, எந்தத் தாள் குறைந்து நின்றது என்பவற்றையும் சேர்த்தே எழுதுக. வெட்டப்பட்ட இடம் நன்கு ஆறியிருக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்த பின்னரே காலுக்கு அளவெடுப்பர். அதனால் காலை இழந்தவரை முதலில் அழைத்துச் செல்லவேண்டிய இடம் அரசு மருத்துவமனை. தீபாவளி விடியலில் மகாவீரர் நிர்வாண பூசைக்கு நாம் கூடும்போது, எத்தனை பெயர் எழுதப்பட்டது என்று கேளாமல், எத்தனை பேர் கையில் அட்டை வந்து சேர்ந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.